கேட்டுக்கு வெளியே கணவர், உள்ளே தம்பி

எதிர்வீட்டுக்காரர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்று பேடா கொடுக்க வந்தார்கள். வண்டி கீழே சாமந்தி மாலை போட்டுக்கொண்டு நின்றது. என் கணவர் பேடாவை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பேடா அவர் கையிலேயே பிசுபிசுத்துப் போயிற்று.

"இன்னாங்க, சாப்புடலையா?" என்றேன்.

"இவங்களும் ஸ்கூட்டர வித்துட்டாங்க" என்றார்.

அவர் புனே பக்கம் சிஞ்ச்வடில் ஒரு கேபிள் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி. ஸ்கூட்டருக்கு வேண்டிய பிரேக் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் கேபிள் எல்லாம் அங்கே செய்வார்கள். ஸ்கூட்டரில் கையால் கியர் மாற்ற வேண்டும், அதற்குக் கேபிள் வேண்டும். மோட்டார் சைக்கிளில் காலால் மாற்றுகிறார்கள். கியர் கேபிளுக்கு அதில் வேலையே இல்லை. அவர் இருந்தது கியர் கேபிள் பிரிவில். இதை அவர் விளக்கிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஜனங்கள் எந்த வண்டியில் போகிறார்கள் என்று பார்த்துப் பயப்படும் மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. கொஞ்ச நாளில் நானும் அப்படி ஆனேன். காய்கறிச் சந்தைக்குப் போனால் காய்கறி கண்ணில் படாது. வெளியே எந்த வண்டி அதிகமாக நிற்கிறது என்றுதான் பார்வை போகும்.

பயம் எனக்குப் புதிது. நான் போபோடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அங்கே செய்கிற குண்டை வாங்க சர்க்கார் வேறு கடைக்குப் போகாது. அதனால் எங்கள் சந்தில் வேலை போய்விடும் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி சிஞ்ச்வடுக்கு வந்த பிறகும் தைரியமாகத்தான் இருந்தேன். காரணம், தொழிற்சாலையில் இருந்த சங்கம். போகவர பஸ், கேன்டீனில் சூடான சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பத்துக்கே வைத்தியம். முதலாளி மனம் இரங்கிக் கொடுத்ததில்லை இவை. என் கணவருக்கு முன்னால் இருந்தவர்கள் வெயிலிலும் மழையிலும் கேட்டில் உட்கார்ந்து வாங்கியவை. என் கணவர் சங்கத்தின் கமிட்டியில் இருந்தார்.

அந்த வைத்தியம் எங்களுக்கு எப்படிப்பட்ட உதவி என்றால், எங்கள் மகளுக்கு இழுப்பு. சின்னக் குழந்தையிலிருந்தே. மழை தொடங்கினால் போதும், மார்பு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அப்போது தூக்கிக்கொண்டு ஓடுவேன், தொழிற்சாலையோடு ஏற்பாடு செய்துகொண்டிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு. கார்டைக் காட்டினால் முகத்தில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுப்பார்கள். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பும். அந்தக் கார்டை என் தாலிக் கயிற்றுக்குச் சமமாக வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. வண்டி செய்கிற பெரிய கம்பெனிகள், கேபிள் கொடுப்பவர்களையெல்லாம் கூப்பிட்டு விலையைக் குறையுங்கள் என்று சொன்னதாகக் கணவர் சொன்னார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்களாம். வடக்கே எங்கேயோ புதிதாக ஒரு தொழிற்சாலை முளைத்திருந்தது. அதே கேபிள், குறைந்த விலை. அங்கே பஸ் கிடையாது, கேன்டீன் கிடையாது, சங்கமும் கிடையாது.

"நம்ம கேன்டீன் சாப்பாட்ட வெலையில கழிச்சிட்டு விக்கறான் அவன்" என்றார் கணவர். "நம்ம பொண்ணு மருந்தையும் சேத்துத்தான்."

எங்கள் முதலாளி புதிதாக யாரையும் நிரந்தரமாக எடுப்பதை நிறுத்தினார். ஆள் வேண்டுமென்றால் ஒப்பந்தக்காரர் மூலம் வரும். அவரை எல்லோரும் டேக்கேதார் என்பார்கள். அவர் கொண்டுவருகிற ஆட்களுக்குச் சம்பளமும் அவரேதான். கம்பெனி கணக்கில் அவர்கள் ஆட்களே இல்லை.

என் தம்பி அப்படித்தான் உள்ளே போனான். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன். அப்பாவின் தொழிற்சாலையில் புதிய ஆள் எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி போபோடியிலேயே ஓர் அறையில் இருந்தான். அவனுக்காக நான் கணவரிடம் கேட்டபோது அவர் மாட்டேன் என்றார். "கான்ட்ராக்ட் ஆளே வாணாம்னு சண்ட போட்டுக்கினு இருக்கறோம். நானே என் மச்சான கொண்டாந்து நிறுத்தறதா?" என்றார். தம்பி அவரிடம் கேட்கவே இல்லை. ஒரு நண்பனைப் பிடித்து, டேக்கேதாரைப் பார்த்து, ஒருநாள் அதே கியர் கேபிள் பிரிவில் வந்து நின்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியும் அவன் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். ஒரு ஞாயிறு அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"மாமா செய்யற அதே வேலதான் அக்கா. அவருக்கு நீலச் சட்ட, எனக்குக் காக்கி. அவரு கேன்டீன்ல ஒக்காந்து சாப்புடறாரு. நாங்க சைக்கிள் ஸ்டாண்டுல."

"அதுக்குத்தான் உங்கள பர்மனெண்ட் பண்ணுன்னு கேக்கறோம்" என்றார் கணவர்.

"கேளுங்க மாமா. நீங்க கேக்கற வரைக்கும் டப்பாவ மடியில வெச்சிக்கினு இருக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அது ஒருநாள் எழுந்து நிற்கும் என்று அப்போதே தோன்றியது.

அது எழுந்தது மழைக்காலத்துக்கு முன்னால். நிர்வாகம் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியது. போட்டியைச் சமாளிக்கச் செலவைக் குறைத்தாக வேண்டும், ஆகவே குடும்ப வைத்தியம் நிறுத்தப்படும், ஒவ்வொருவரும் செய்யவேண்டிய உற்பத்தியும் கூட்டப்படும் என்று. சங்கம் வேலைநிறுத்தம் என்றது.

"கம்பெனிய ஒரேயடியா மூடிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாம இருந்தா வைத்தியம் போவுது. பொண்ணுக்கு இழுப்பு வந்தா நீ இன்னா பண்ணுவே?"

பயந்தவர்கள் இரண்டு பேர் பேசினால் கேள்விக்குக் கேள்விதான் பதில். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். அங்கே பந்தல் போட்டுக் கொடி கட்டியிருந்தார்கள்.

நிரந்தரத் தொழிலாளிகள் வெளியே உட்கார்ந்தார்கள். ஆனால் உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் நிற்கவில்லை. டேக்கேதாரின் ஆட்களை, ஜன்னலுக்கு இரும்பு வலை அடித்த பஸ்ஸில், போலீஸ் காவலோடு கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அந்த பஸ்ஸில் என் தம்பியும் போனான்.

நான் லோக்கல் ரயில் பிடித்து போபோடிக்குப் போனேன். தம்பி வீட்டில் இருந்தான். அவன் மனைவிக்கு நிறைமாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"போவ வாணாண்டா" என்றேன். "அங்க எல்லாரும் கோவத்துல இருக்கறாங்க. உன்ன துரோகின்றாங்க."

"நான் போவலன்னா என் எடத்துல வேற எவனாவது போவான். மெஷின் நிக்கப் போறதில்ல அக்கா. என் சம்பளந்தான் நிக்கும்" என்றான். பிறகு மனைவியைப் பார்த்தான். "மாமாவோட சண்ட எதுக்கு? அவங்க வூட்டு வைத்தியத்துக்கு. நல்லதுதான். அதுல இவ இருக்கறாளா?"

அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன்.

முதல் மழை பெய்த வாரம் மகளுக்கு இழுப்பு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு கறுத்திருந்தது. கணவர் கேட்டில் இருந்தார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். "காபரூ நகா, வஹினி" என்றார். பயப்படாதீர்கள் அண்ணி என்கிறார். அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால், மகளை நடுவில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுடைய மூச்சின் கீச்சுச் சத்தம் வண்டிச் சத்தத்தையும் மீறி என் காதில் கேட்டது.

ஆஸ்பத்திரி கவுண்டரில் கார்டை நீட்டினேன். அந்தப் பெண் பெயரைப் பார்த்துவிட்டு, கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். வேலைநிறுத்தம் முடிகிற வரைக்கும் இந்தக் கார்டை எடுக்க வேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதாம். குரலில் கோபம் ஒன்றுமில்லை. சாதாரணமாகச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் அவளோடு மராட்டியில் சண்டை போட வாயெடுத்தார். "வேண்டாம், வண்டியை எடுங்கள்" என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

நகராட்சி ஆஸ்பத்திரியில் கூட்டம். ஆனால் அங்கிருந்த நர்ஸ் மகளின் உதட்டைப் பார்த்ததும் வரிசையைத் தள்ளிவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். மாஸ்க் வைத்தாள். நான் மகளின் விலா எலும்புகள் உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் விலா எலும்புகள் அடங்கின. "அம்மா, பசிக்குது" என்றாள்.

வெளியே பெஞ்சில், ஜுரக் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்கொடுத்ததில் அவள் புருஷனும் அதே தொழிற்சாலைதான், டேக்கேதாரின் ஆள். என் கதையைச் சொன்னேன். கார்டை எடுக்கவில்லை என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இந்தியில் சொன்னாள்: "உங்களுக்கு இன்னிக்கு. எங்களுக்கு எப்பவும் இங்கதான்." குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டே சொன்னாள். பிறகு எனக்குத் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் இரண்டையும் சொன்னேன். கார்டைப் பற்றிச் சொன்னபோது அவர் பல்லைக் கடித்தார். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப்பிறகு சங்கத்தில், வீட்டுப் பெண்களும் மோர்ச்சா என்கிற ஆர்ப்பாட்டத்துக்கு வரவேண்டும் என்று முடிவானது. நானும் போனேன். காலை நேரம். மழை விட்டிருந்தது. பெண்கள் ஒரு பக்கம் நின்று கோஷம் போட்டோம். ஆண்கள் கேட்டுக்கு முன்னால் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். முன்வரிசையில் என் கணவர். போலீஸ்காரர்கள் லத்தியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலை அடித்த பஸ் வளைவில் திரும்பியது. கோஷத்தின் சத்தம் மாறியது. அதுவரை பாட்டு மாதிரி இருந்தது, இப்போது உறுமல் மாதிரி ஆயிற்று. என் பக்கத்தில் நின்றவள் தினம் என்னோடு சேர்ந்து கறிவேப்பிலை வாங்குகிறவள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. நான் பஸ்ஸின் ஜன்னல்களில் தம்பியைத் தேடினேன். கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்தான். அந்த ஒரு ஜன்னலில் வலை பிய்ந்து தொங்கியது.

கல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் சரிந்தான். விரல்களுக்கு நடுவில் சிவப்பு.

பஸ் டிரைவர் குதித்து ஓடினான். நான் கத்திக்கொண்டே ஓடினேன். எனக்கு முன்னால் என் கணவர் பஸ்ஸில் ஏறிவிட்டார். அவரும் கல்லெறிந்தவர்களில் ஒருவர் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் அவர் முதுகில் லத்தியால் அடித்தார். என் கணவர் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த அடியோடேயே இறங்கினார். எங்கள் ஆட்களில் சிலர் "வுடுய்யா அவன!" என்று கத்தினார்கள். பந்தல் சாமான் கொண்டுவந்த டெம்போவில் தம்பியைக் கிடத்தினோம். நான் கேட் காவலரிடம் ஓடிப்போய், உள்ளே கம்பெனி ஆம்புலன்ஸ் இருக்கிறதே, அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். அவர் யாரிடமோ போனில் பேசினார். பிறகு, "அவன் எங்க ஆள் இல்லையாம், டேக்கேதாரக் கேக்கச் சொல்றாங்க" என்றார். டேக்கேதார் போனையே எடுக்கவில்லை.

சர்க்கார் பெரியாஸ்பத்திரியில் புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். கண்ணுக்குக் கட்டு. பார்வை எப்படி என்று சில நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். என் கணவர் வார்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. போலீஸ் தன்னைத் தேடுகிறது என்று அவருக்குச் செய்தி வந்திருந்தது. "பொண்ண பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் வந்தார். கையில் ஒரு பை சாத்துக்குடி. நேற்று எங்கள் ஆள் இல்லை என்றவர்கள், இன்றைக்குத் தம்பியின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்காமலே இந்தியில் பேசினார்.

"உன் தாஜி பஸ்ஸில் ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள்" என்றார். தாஜி என்றால் மராட்டியில் அக்காள் புருஷன். "கல்லும் அவர்தான் போட்டார் என்று நீ சொன்னால் போதும். போலீஸ்காரர் வருவார், சொல்லிவிடு. குணமானதும் நிரந்தர வேலையில் வந்து சேர்."

தம்பியின் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. அது என்னைப் பார்க்கவில்லை.

"நாளைக்குச் சொல்றேன் சாப்" என்றான்.

அவர் போய்விட்டார். தம்பி மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாக என்னைக் கேட்டாள்: "அண்ணி, பர்மனெண்ட்னா... பிரசவத்துக்கு அந்த கார்டு ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"போலாம்" என்றேன். வேறென்ன சொல்ல? அது உண்மை.

அந்த ஒரு நாள் நான் பட்ட பயத்தை எதோடும் ஒப்பிட முடியாது. போலீசுக்குப் பயந்திருக்கிறேன், நோய்க்குப் பயந்திருக்கிறேன். நான் தூக்கி வளர்த்த தம்பிக்குப் பயந்தது அன்றுதான். சொல்லாதே என்று அவனிடம் கெஞ்ச நினைத்தேன். அவன் கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்து எப்படிக் கெஞ்சுவது? அவன் அப்படிச் சொன்னால் என் கணவர் ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் இவள் அந்த நகராட்சி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பாள். வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலை பின்னியபோது சீப்பு கையிலிருந்து இரண்டு முறை விழுந்தது. "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாள் நான் பிளாஸ்கில் கஞ்சியோடு போய்ச் சேர்ந்தபோது போலீஸ்காரர் முன்னாலேயே வந்திருந்தார். ஆபீசர் பின்னால் நின்றார். கேள்வியைக் கேட்டார்கள். தம்பி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கல்ல பாத்தேன் சாப்" என்றான் இந்தியில். "கைய பாக்கல."

"நன்றாக யோசித்துச் சொல்" என்றார் ஆபீசர்.

"மாமா என்ன தூக்கிக்கினு எறங்கினாரு. அத பாத்தேன். அத வேணா எழுதிக்கோங்க."

போலீஸ்காரர் அதை எழுதிக்கொண்டார். ஆபீசர் வெளியே போனார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்க் மூடியைத் திறக்க எனக்கு வரவில்லை. தம்பி மனைவிதான் வாங்கித் திறந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் தம்ளரில் ஊற்றி முதலில் எனக்குத்தான் கொடுத்தாள்.

அதனால் என் கணவர்மீது போட்ட வழக்கு செல்லுபடியாகவில்லை. அவர் அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, இனி பேச்சுவார்த்தையில் டேக்கேதார் ஆட்களின் வைத்தியத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்றார். "உன் மச்சானுக்காகப் பேசறியா?" என்று கத்தினார்களாம். ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். கிழிந்த காலரோடு வீட்டுக்கு வந்தார். நான் ஊசி நூலை எடுத்து அதைத் தைத்துக்கொண்டே, "போதுங்க, வுட்டுடுங்க" என்றேன். உள்ளே இருப்பவர்களுக்கும் எதிரி, வெளியே இருப்பவர்களுக்கும் எதிரி என்று ஆகிவிட்டால் எங்கே போய் நிற்பது என்று எனக்குக் கிலி. அவர், "அவன் டப்பாவ மடியில வெச்சிக்கினு சாப்டுக்கினு இருந்தான். நான் தெனமும் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார்.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. குடும்ப வைத்தியம் நிரந்தர ஆட்களுக்குப் பழையபடி தொடர்ந்தது, பதிலுக்கு உற்பத்தியைக் கூட்ட ஒத்துக்கொண்டார்கள். டேக்கேதார் ஆட்களுக்குக் கேன்டீனில் இடம் கிடைத்தது. வேலையில் அடிபட்டால் கம்பெனி வைத்தியம் பார்க்கும் என்பதும் கிடைத்தது. அவர்கள் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, நிரந்தரமும் கிடைக்கவில்லை. பாதிப் பேர் கைதட்டினார்களாம், பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம். தம்பியை டேக்கேதார் திரும்பக் கூப்பிடவே இல்லை. அவன் மகன் நகராட்சி ஆஸ்பத்திரியில், அந்த நர்ஸ் இருந்த வார்டுக்குப் பக்கத்து வார்டில் பிறந்தான். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அடிபட்ட கண்ணில் தம்பிக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் கியர் கேபிள் பிரிவையே மூடினார்கள். யாரும் வேலைநிறுத்தம் என்று வாயெடுக்கவில்லை. ஸ்கூட்டர் வாங்க ஆளில்லை என்றால் யாரிடம் போய் உட்காருவது? கணவர் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தார். விருப்பம் என்று பெயர்தான். அன்றிலிருந்து எங்கள் கார்டும் போயிற்று. மகளுக்கு இழுப்பு வயதோடு குறைந்திருந்ததால் தப்பித்தோம்.

அதற்குள் தம்பி புனேயின் இன்னொரு கோடியில், கோந்த்வாவில் காலூன்றியிருந்தான். அந்தப் பக்கம் திரும்பின இடமெல்லாம் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அவன் படித்த வயரிங் வேலையை ஒப்பந்தம் எடுத்து, சில ஆட்களை வைத்துச் செய்தான். "மாமா, சும்மா ஒக்காந்திருக்க வாணாம். எங்கூட வாங்க" என்று கூப்பிட்டான். என் கணவர் தன் மைத்துனனின் கீழே தினக்கூலியாகப் போனார். இப்போது டேக்கேதார் என் தம்பி.

நான் நிம்மதி என்று நினைத்தேன். சில மாதம்கூட அது நிலைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, மாமா எனக்கு எதிரா ஸ்ட்ரைக் பண்றாரு!"

நடந்தது இதுதான். லிப்ட் வரவேண்டிய குழியின் ஓரமாகக் குழாய் பதிக்க வேண்டும். மூங்கில் சாரத்தில் நின்றுகொண்டு, இடுப்பில் பெல்ட் இல்லாமல். ஓர் ஆளுக்குக் கால் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தப்பித்திருக்கிறார். அப்போதே என் கணவர் கீழே இறங்கிவிட்டார். பெல்ட்டும் எல்லோருக்கும் விபத்து இன்சூரன்சும் வந்தால்தான் ஏறுவோம் என்று மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் அவரோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

"அதெல்லாம் சேத்து நான் ரேட்டு சொன்னா, பக்கத்து சைட்டுக்காரன் கம்மியா சொல்லி எடுத்துக்கினு பூடுவான் மாமா!"

"எடுத்துக்கினு போவட்டும்."

"போனா எல்லாரும் வூட்ல ஒக்கார வேண்டியதுதான்!"

இந்தப் பேச்சை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன், இதையே ஒரு கேட்டில் நோட்டீசாக ஒட்டியிருந்தார்கள். தம்பியின் புருவத் தழும்பு கோபத்தில் சிவந்து துடித்தது. பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. கணவர் சொன்னதிலும் தப்பில்லை. குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றேன், குழம்பு விளிம்பில் சிந்தியது. இந்த முறை யாருக்கு என்ன ஆகுமோ என்று பயம்.

தம்பி சிந்தியதைப் பார்த்துவிட்டான். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். "மொதல்ல மாமாக்கு போடு" என்றான்.

அந்த வாரமே பெல்ட்டுகள் வந்தன. இன்சூரன்சும் போட்டான். அவன் பயந்தபடியே அடுத்த கட்டிடம் கைவிட்டுப் போயிற்று. வேலை குறைந்ததால் சிலரை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தப்பட்டவர்களில் ஒருவரின் மனைவி விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும், "பெல்ட் கேட்டது உங்கள் வீட்டுக்காரரா?" என்று இந்தியில் கேட்டாள்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "ஆமாம்" என்றேன். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன்.

"அதைக் கட்டிக்கொண்டு அவர் ஏறிய நாளெல்லாம் எனக்குப் பயமில்லாமல் இருந்தது" என்றாள். "இப்போது வேறு இடத்தில் போயிருக்கிறார். அங்கே அது இல்லை. நான் என்ன செய்வது, சொல்லுங்கள்?"

அவள் டீயைக் குடித்துவிட்டுப் போனபிறகும் வெகுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றிருந்தேன். சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன். "சின்ன பில்டிங் ஒண்ணு பேசிக்கினு இருக்கறேன் அக்கா. வந்தா மொதல்ல அவரத்தான் கூப்புடுவேன்" என்றான். அது வந்தது, கூப்பிட்டான். அதுவரைக்கும் நடுவில் போன வாரங்களில், தினமும் விளக்கு வைக்கும்போது, பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் சாரத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்திருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.